வெள்ளி யானைக்கு ஒரு விண்ணப்பம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. வரவு செலவுக் கணக்கு படித்து முடிந்து, காப்பி வந்து, எல்லோரும் எழுந்திருக்கும் சமயத்தில் அன்பர் ஒருவர் மெல்ல ஒரு பேச்சை எடுத்தார். “இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் பிள்ளைகளைச் சாரணர் பயிற்சிக்கு அழைத்துப் போனாரே, அவர் ஓய்வு பெற்று ஊரோடு போய் இரண்டு வருஷமாகிறது. நாம் ஒரு மாலைகூடப் போட்டு அனுப்பவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு அந்த இயக்கத்தில் விருது உண்டென்கிறார்களே, அதற்காவது எழுதிப் போடக் கூடாதா?” என்றார். ஒருவரும் பதில் பேசவில்லை. காப்பி ஆறிற்று. கடைசியில், மாதந்தோறும் இந்தப் பகுதியை எழுதுகிற பாவத்துக்காக, விண்ணப்பம் தயாரிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

விழுந்தது நியாயந்தான். சென்ற ஆண்டு விழா மலரைத் தொகுத்தவர்களும் நாமே. அந்த மலரை இப்போது எடுத்துப் புரட்டினால் முகம் சுண்டுகிறது. உபயம் எழுதுவதில் நம்மவருக்கு நிகர் நம்மவரே. கோயிலில் தொங்கும் குழல்விளக்கின்மீது கொடுத்தவர் பெயரையும், தகப்பனார் பெயரையும், ஊரையும் எழுதி, வெளிச்சம் வருவதற்குக் கொஞ்சம் இடம் விடும் சமூகம் நம்முடையது. நம் மலரிலும் மின்விசிறி கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர், ஒரு பக்க விளம்பரம், அரைப் பக்க விளம்பரம் என்று எல்லோருக்கும் நன்றி கூறியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவரைப் பிள்ளைகள் ‘சாரண மாமா’ என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே குறிப்பிடுவோம். விண்ணப்பம் ஒரு முடிவுக்கு வருமுன் அவர் பெயரை அச்சிடுவது முறையன்று என்பது குழுவின் கருத்து. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணி. தில்லிக்கு வந்த புதிதில் நம் குடியிருப்பை அடுத்த மைதானத்தில் ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர், கடைசியில் முப்பது நாற்பது பேர் கொண்ட ஒரு படையை நடத்தினார். சாரண ஆசிரியர் என்பவர் சம்பளம் பெறுபவர் அல்லர் என்பதைப் புதிதாக வந்திருக்கும் குடும்பத்தினருக்காகச் சொல்லி வைக்கிறோம். மத்தியப் பிரதேசத்தில் பச்மரி என்னும் மலை வாசஸ்தலத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பிபரியா ஸ்டேஷனில் இறங்கி மலையேற வேண்டும். அங்கே பயிற்சிக்குப் போவதற்கு மாமா தம் சொந்த விடுப்பைத்தான் எடுத்தார். அந்த ஆண்டு அவர் ஊருக்குப் போகவில்லை.

இவ்வியக்கத்தில் பிள்ளைகளுக்கு ராஷ்டிரபதி விருது உண்டென்பது நம் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். பிற்காலத்தில் விண்ணப்பங்களில் எழுதிக்கொள்ள உதவும் என்பதால் மிக நன்றாகவே தெரியும். பெரியவர்களுக்கும் விருதுகள் உண்டென்பது நமக்கே இப்போதுதான் தெரிந்தது. உச்சியில் இருப்பது வெள்ளி யானை. அடுத்து வெள்ளி நட்சத்திரம். அதற்கும் கீழே தகுதிப் பதக்கம், நீண்டகாலச் சேவைக்குரிய பதக்கம், நன்றிப் பதக்கம் என்று படிகள் இறங்குகின்றன. வெள்ளி யானை என்றவுடன் ஐராவதமே நம் மைதானத்துக்கு வந்து நின்றதுபோல் மகிழ்ந்து, விண்ணப்பத்தின் தலைப்பில் அதையே கொட்டை எழுத்தில் எழுதிவிட்டோம். விவரமறிந்த நண்பர் ஒருவரிடம் காட்டியபோது அவர் சிரித்தார். “இது நாடளாவிய அரிய சேவைக்கு உரியது. ஒரு மைதானத்துக்குள் நடந்த சேவைக்கு வேறு படி இருக்கிறது. அதிருக்கட்டும், இவர் எந்த ஆண்டில் தொடங்கினார், எத்தனை பிள்ளைகள், எத்தனை முகாம்கள்? இந்தப் பத்தியெல்லாம் காலியாக இருக்கிறதே!” என்றார். அந்தக் காலிப் பத்திகளைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம். இந்த விருதுகள் எப்படி ஏற்பட்டன, யார் யாருக்குப் போயின என்று தெரிந்துகொள்ள நாம் சிறிது படித்தோம். அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் சிறு கூட்டமாகப் பிள்ளைகளைச் சேர்த்து முதல் முகாம் நடத்தியது 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். இரண்டே ஆண்டில், 1909இல், இவ்வியக்கம் இந்தியாவுக்கு வந்துவிட்டது. பங்களூரில் முதற்படை தோன்றிற்று. ஆனால் வந்தது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக. இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. கதவு அடைத்திருப்பதைக் கண்ட அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் முதலியோரின் துணையுடன் 1916இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் ஒன்றைத் தனியே நிறுவினார். அந்தப் பிள்ளைகள் தலைப்பாகை கட்டிக்கொண்டார்கள். இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள். வடக்கே ஸ்ரீராம் பாஜ்பாயி, மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோர் சேவா சமிதியின் சார்பில் இதே பணியைச் செய்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்துடன் இணைந்தது. 1932இல், எண்பத்து நான்கு வயதுக்குமேல் ஆகியிருந்த அம்மையாருக்கு, இங்கிலாந்துச் சாரணர் சங்கத்தின் மிக உயர்ந்த விருதாகிய வெள்ளி ஓநாய் அளிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் அடையாற்றில் காலமானார். எந்தச் சங்கம் நம் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியதோ, அதே சங்கம் அவர்களை உள்ளே அழைத்தவருக்குத் தன் தலையாய மரியாதையைச் செய்தது. பதினாறு ஆண்டு கழித்தாவது செய்தார்களே என்று நாம் எண்ணினோம். நம் கணக்கில் இருபதுக்குமேல் ஆகிவிட்டதே என்றும் உடனே தோன்றிற்று.

அமெரிக்காவில் இவ்விருதுகளை ஒரு மிருகக் காட்சிசாலை போலவே வளர்த்திருக்கிறார்கள். நாட்டளவில் செய்த சேவைக்கு வெள்ளிக் காட்டெருமை, 1925இல் ஏற்பட்டது. உள்ளூர்ச் சேவைக்கு வெள்ளி பீவர், 1931இல் ஏற்பட்டது. பீவர் என்பது மரத்தைப் பல்லால் அறுத்து ஓடையில் அணை கட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பிராணி. இடைப்பட்ட வட்டார அளவில் செய்த சேவைக்கு வெள்ளி மான், 1942இல் வந்தது. இவற்றுள் நமக்குப் பிடித்தது பீவர்தான். ஊரறியாமல் ஓடையில் வேலை செய்கிற பிராணியின் பெயரை உள்ளூர்க்காரருக்கு வைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர். அந்த விருதில் மற்றொரு வழக்கமும் உண்டு. தமக்கு வேண்டுமென்று எவரும் தாமே கேட்க முடியாது. பிறர்தான் எழுத வேண்டும். எழுதுவதை அவருக்குத் தெரிவிக்கவும் கூடாது.

இன்னொரு செய்தியையும் படித்தோம். அதைப் படித்த இரவு உறக்கம் சற்றுத் தாமதித்தே வந்தது. முதல் வெள்ளிக் காட்டெருமைகள் 1926இல் வழங்கப்பட்டன. முதலாவது பேடன் பவலுக்கு. இரண்டாவது, பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்கு. 1909இல் லண்டனில் வழி தெரியாது நின்ற பாய்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகை அதிபரை ஒரு சிறுவன் அழைத்துச் சென்று சேர வேண்டிய இடத்தில் விட்டான். அவர் காசு கொடுத்தபோது, தான் ஒரு சாரணன் என்று கூறி வாங்க மறுத்துப் போய்விட்டான். அந்த மனிதர் 1910இல் அமெரிக்கச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். கதையில் வரும் கடும் மூடுபனி பின்னால் சேர்ந்தது என்பார்கள் ஆராய்ந்தவர்கள். அது எப்படியாயினும், அந்தப் பிள்ளை யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்காக வார்த்த வெண்கலக் காட்டெருமைச் சிலை இங்கிலாந்தில் கில்வெல் பூங்காவில் 1926 முதல் நிற்கிறது. பெயர் தெரியாதவனுக்கு ஒரு நாடு கடல் கடந்து சிலை அனுப்பியிருக்கிறது. நமக்கோ பெயர் தெரியும், வீடு தெரியும், அவர் எந்தக் கடையில் காய்கறி வாங்குவார் என்பதுகூடத் தெரியும். எழுதத்தான் இல்லை.

இனிக் காலிப் பத்திகளுக்கு வருவோம்.

மாமா எந்த ஆண்டில் தொடங்கினார் என்று கேட்டோம். ஒருவர் பதினேழு ஆண்டு என்றார். ஒருவர் கால் நூற்றாண்டு என்று மேடைப் பேச்சுப் போல அடித்துச் சொன்னார். ஓர் அம்மையார் மட்டும் விரல் விட்டு எண்ணினார். “என் மூத்தவன் நாலாவது படிக்கும்போது சேர்ந்தான். இப்போது அவன் பெண் ஒன்றாவது போகிறாள்” என்றார். அது ஒரு கணக்குத்தான். ஆனால் விண்ணப்பத்தில் எழுதக்கூடிய கணக்கு அன்று. சங்கத்தின் பழைய பேரேடுகளைப் பார்த்தோம். சாரணர் படைக்கென்று செலவு ஒன்றும் காணோம். கயிறு, தடி, கூடாரத் துணி, முதலுதவிப் பெட்டி எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பொருளாளரைக் கேட்டால் அவர் நம்மைத் திருப்பிக் கேட்கிறார். மாமா சங்கத்திடம் ஒரு காசும் கேட்டதில்லை. அதனாலேயே சங்கத்தின் ஏடுகளில் அவர் இல்லை. கேட்டு வாங்கியிருந்தால், வீண் செலவென்று யாரேனும் ஆட்சேபித்திருப்பார். அந்த ஆட்சேபமாவது பதிவாகியிருக்கும்!

பிறகு கூடாரங்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் இரண்டு நீள நோட்டுகள் கிடைத்தன. முதல் பக்கத்தில் 1999 ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றின் தேதி, ஏழு பெயர்கள். அதன்பின் வாரந்தோறும் வருகைக் குறிப்பு. வராத பிள்ளைக்கு எதிரே காரணம் எழுதியிருந்தது: ‘காய்ச்சல்’, ‘பரீட்சை’, ‘பாட்டி காலமானார்’, ‘செருப்பு இல்லை’. இந்தக் கடைசிக் குறிப்புள்ள பிள்ளை அடுத்த வாரம் வந்திருக்கிறான். செருப்பு எப்படி வந்தது என்று நோட்டில் எழுதவில்லை.

2021ஆம் ஆண்டுப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஆனால் அவ்வாண்டைப் பற்றி நமக்கு நோட்டு வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் தில்லியில் இருந்தவர் எவரும் அதை மறக்க மாட்டார். பிராண வாயு உருளைக்காக மக்கள் தெருத் தெருவாக அலைந்த நாட்கள் அவை. ஆஸ்பத்திரியில் இடமில்லை, சுடுகாட்டிலும் இடமில்லை. ஊரில் உள்ள உறவினர் வர முடியாது. வந்தாலும் வீட்டுக்குள் விட முடியாது. அந்த நாட்களில் மாமா தம் பழைய சாரணர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசினார். அவர்கள் அப்போது பிள்ளைகள் அல்லர். வங்கியிலும் கணிப்பொறி நிறுவனங்களிலும் வேலை பார்க்கிற ஆடவர்கள். ஒருவன் இருவரைக் கூப்பிட வேண்டும், அந்த இருவர் நால்வரைக் கூப்பிட வேண்டும் என்ற பழைய முகாம் விளையாட்டை அவர்கள் மறக்கவில்லை. நம் குடியிருப்பில் எந்த வீட்டில் நோயோ, அந்த வீட்டு வாசலில் காலையும் மாலையும் சாப்பாடு வந்தது. மருந்துச் சீட்டைச் செல்பேசியில் அனுப்பினால் மருந்து வந்தது.

நம் வீட்டிலும் நால்வரும் படுத்த படுக்கையாகக் கிடந்தோம். ஒன்பது நாட்கள், வாசற்கதவின் பிடியில் ஒரு தூக்குப் பாத்திரம் தொங்கும். மிளகு ரசமும் குழைந்த சாதமும். மணி அடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, நாம் எடுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகே அந்தப் பையன் நகருவான். அவனை யார் அனுப்பினார் என்று அன்று கேட்க நமக்குத் தெம்பில்லை. பிறகு தெம்பு வந்தது, கேட்கத் தோன்றவில்லை. சென்ற ஆண்டு மலரைத் தொகுத்தபோதும் தோன்றவில்லை.

ரசம் வைத்தவர் யார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது மாமி. முகாமுக்குப் போகிற பிள்ளைகளுக்கு எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்தவரும், மண்ணில் புரண்ட கழுத்துத் துணிகளை ஞாயிற்றுக்கிழமை இரவே தோய்த்துப் போட்டவரும் அவரே. விண்ணப்பத்தில் மாமிக்கென்று பத்தி இல்லை. இதில் நாம் மட்டும் குற்றவாளிகள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வெள்ளி பீவர் ஏற்பட்டு நாற்பது ஆண்டுவரை அது ஆடவருக்கே என்றிருந்தது. 1971இல் பெண்களுக்கென்று ‘வெள்ளி மான்கன்று’ என ஒன்றை ஏற்படுத்தி, 1974 வரை வழங்கிவிட்டு, அதன் பிறகே பெண்களுக்கும் பீவரைக் கொடுக்கலானார்கள். இவ்வகையில் நம் நாடு முந்திக்கொண்டது என்று சற்றே தலை நிமிரலாம். உலகச் சாரணர் குழு வழங்கும் வெண்கல ஓநாய் விருது 1969இல் நம் லட்சுமி மஜும்தார் அம்மையாருக்குக் கிடைத்தது. 1964 முதல் 1983 வரை பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசிய ஆணையராக இருந்தவர் அவர். இதே தில்லியில், மகாத்மா காந்தி சாலையில் உள்ள தலைமையகக் கட்டடம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அந்த வழியாகத்தான் நம்மில் பலர் அன்றாடம் அலுவலகம் போய் வருகிறோம்.

மாமிக்கு என்ன செய்வது என்று குழுவில் ஒரு விவாதம் நடந்தது. நன்றிப் பதக்கத்துக்கு அவர் பெயரையும் சேர்த்து எழுதுவதென்று முடிவாயிற்று. ஓர் அன்பர், “அவர் சாரணர் இல்லையே” என்றார். “ரசம் வைத்தபோது நாம் அதைக் கேட்கவில்லையே” என்று காரியதரிசி பதிலளித்த பிறகு, அந்த ஆட்சேபம் நிற்கவில்லை.

இதையெல்லாம் சரி செய்ய மாமாவையே கேட்டு விடலாமென்றால், காரியம் தெரிந்துவிடும். தெரிந்தால், “எதற்கு இதெல்லாம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆகவே சங்கத்தின் பொன்விழா வரலாறு எழுதப் போவதாகவும், சாரணர் படையைப் பற்றிய விவரங்கள் வேண்டுமென்றும் ஒரு பொய்க் கடிதம் எழுதினோம். (பொன்விழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது. இந்த இதழ் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது விநியோகப் பொறுப்பாளரின் கடமை.)

வாசக அன்பர்களிடம் நாம் வேண்டுவது இது. மாமாவிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் பெற்றோர்கள், சேர்ந்த ஆண்டு, போன முகாம், அப்போது எடுத்த புகைப்படம் எது இருந்தாலும் இம்மாத முடிவுக்குள் காரியதரிசியிடம் சேர்ப்பிக்க வேண்டும். நோட்டில் உள்ள பெயர்களை எண்ணிப் பார்த்தோம். இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன. பலர் இப்போது வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் தாம் கண்டதைத் தம் கையாலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் விண்ணப்பத்துக்கு அதைவிட வலு சேர்ப்பது வேறில்லை. புகழ்மாலை வேண்டாம். நடந்ததை எழுதினால் போதும்.

நம் பொய்க் கடிதத்துக்கு மாமாவிடமிருந்து சென்ற வாரம் பதில் வந்தது. நான்கு தாள், இரு பக்கமும் பொடி எழுத்து. தாம் தொடங்கிய தேதி இல்லை. நடத்திய முகாம்களின் எண்ணிக்கை இல்லை. பச்மரிக்குப் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நினைவிலிருந்த பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். ‘நீச்சல் வந்துவிட்டது.’ ‘இருட்டுக்குப் பயம், பிறகு இல்லை.’ ‘பொய் சொல்லுவான், நல்ல பையன்.’ ‘தகப்பனார் போன வாரமும் வந்தான்.’ கடிதத்தின் அடியில், கையொப்பத்துக்குப் பிறகு, ஒரு வரி சேர்த்திருக்கிறார். தில்லியில் மழை தொடங்கியிருக்குமே, கூடாரக் கயிறுகளை வெயிலில் காய வைத்துத்தான் பெட்டியில் வைத்தீர்களா என்று கேட்கிறார்.

வைக்கவில்லை. இந்த இதழ் அச்சுக்குப் போகும் இன்று, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது. காரியதரிசியும் நாமும் பழைய சாரணர் இருவருமாகச் சங்கத்தின் மொட்டை மாடியில் கயிறுகளைப் பிரித்துப் போட்டிருக்கிறோம்.